முகம் பார்த்தபின் பூஜ்ஜியம்

கட்டத்தில் பூஜ்ஜியம் இருந்தது. ஆனாலும் அமலனின் படம் தெரிந்தது.

பிளாரன்ஸ் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பூஜ்ஜியம்தான். அதன் பக்கத்தில், நீலச் சுவருக்கு முன்னால், நெற்றி வியர்வையோடு அமலன். இந்த எக்ஸெல் ஷீட்டை நாலு வருடத்துக்கு முன்னால் அவள்தான் தன் கையால் செய்தாள். அன்றன்று வேலைக்கு வந்த சுமை ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒரு படம். கட்டத்தில் ஒன்று அடித்தால் ஆள் சரக்குக் கிட்டங்கிக்குள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், படம் தெரியும். பூஜ்ஜியம் அடித்தால் வெளியே வந்துவிட்டான், படம் மறைந்து வெறும் நீலப் பெட்டி நிற்கும். நாலு வருடத்தில் ஒரு நாளும் அந்த ஃபார்முலா தவறியதில்லை. தவறியது மனிதர்கள். அந்தத் தவறின் தடத்தை அழிக்கத்தான் இன்றைக்கு அவள் இந்த ஃபைலைத் திறந்திருந்தாள்.

மணி மூன்றரை. ஆபீஸ் என்பது ஒரு பழைய கன்டெய்னர். அதில் ஒரு ஜன்னலை வெட்டி, ஒரு கதவை வைத்து, ஏசியை மாட்டி, வெளியே கம்பெனி பெயரையும் எழுதிவிட்டார்கள். ஆகஸ்ட் மாதக் காற்று துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூளையும் உப்பளத்திலிருந்து உப்பையும் கலந்து வாரிக்கொண்டு வந்து அந்த இரும்புச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தது. யார்டு முழுக்கக் கப்பலில் வந்த பச்சை முந்திரியின் வாசனை, சாக்கும் எண்ணெயும் கலந்து தொண்டையில் ஒட்டுகிற வாசனை. எதிரே நாலாம் நம்பர் கிட்டங்கி. மூன்று வாரமாக அதற்குள் யாரும் போகவில்லை.

முந்திரி மூட்டைகளை அடுக்கியதும் பூச்சி சாக மருந்துப் புகை விடுவார்கள். ஷட்டரை இறக்கி, இடுக்கெல்லாம் பிரவுன் டேப் ஒட்டி, வெளியிலிருந்து குழாய் வழியாக விட்டால் இரண்டு நாள் திறக்கக் கூடாது. அந்தப் புகைக்கு மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று கண்ணெரிய ஒன்றைக் கலந்திருப்பார்கள். அதனால்தான் இந்தப் பட ஷீட். கேட்டில் பெரிய டிவி ஒன்று இருக்கிறது. பிளாரன்ஸின் ஷீட் அப்படியே அதில் தெரியும். முகங்கள் எல்லாம் மறைந்து பெட்டிகள் எல்லாம் நீலமானதும், கேங் தலைவர் இஞ்ஞாசி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்துக் காட்டுவார். உள்ளே ஆளில்லை என்று பொருள். மருந்துக்காரன் குழாயைத் திறப்பான்.

அவளுடைய மானிட்டருக்கு மேலே அவளே எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. முகம் பார்த்தபின் பூஜ்ஜியம். ஆள் ஜன்னல் பக்கம் வந்து டோக்கனைக் கொடுக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பூஜ்ஜியம். இவ்வளவுதான் சட்டம். இதைக் காப்பாற்ற ஒரு மனுஷிக்குக் கண் இருந்தால் போதும்.

மாதா கோயில் திருவிழா அன்று மதியம் அவள் அதைக் காப்பாற்றவில்லை. எல்லோருக்கும் சப்பரம் பார்க்கப் போகிற அவசரம். ஐந்து பேர் டோக்கனையும் இஞ்ஞாசியே கிட்டங்கி வாசல் ஆணியிலிருந்து உருவிக்கொண்டு வந்து மேஜையில் கொட்டினார். திருவிழா நாளில் அப்படித்தான் வழக்கம், ஒருத்தர் எல்லோருக்குமாகக் கொண்டுவருவது. நாலு பேர் ஜன்னல் ஓரமாகப் போனார்கள். ஐந்தாவது ஆள் அமலன். முந்தின நாள் ராத்திரி பழைய துறைமுகத்திலும் சுமை இறக்கிவிட்டு வந்தவன், மூட்டைக்குப் பின்னால் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப் போனான். திரையில் அவன் படம் மட்டும் பாக்கி நின்றது. "அமலன் எங்க?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள். பின்னால் நின்ற சூப்பர்வைசர் செல்வதுரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"டோக்கன் வந்துட்டுல்லா? முன்னாடியே போயிருப்பான். அடிச்சு விடுளா."

அடித்தாள். படம் மறைந்தது.

இதுவரை நடந்ததை மறதி என்றோ அவசரம் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவளால் எந்தப் பெயரிட்டும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறபோது பின்னால் டம் டம் என்று சத்தம் கேட்டது. ஊரெல்லாம் வேட்டு போடுகிற நேரம். வேட்டுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வேட்டுச் சத்தம் இப்படி மூன்று மூன்றாக, நிறுத்தி நிறுத்தி, கெஞ்சுகிற மாதிரி கேட்காது. அது அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள்.

இரண்டு நாள் கழித்து ஷட்டரைத் தூக்கியபோது அமலன் அதோடு ஒட்டிக் கிடந்தான். மூட்டை தூக்கும் கொக்கியால் தகரத்தைக் குத்திக் கிழிக்கப் பார்த்திருக்கிறான், கொக்கி வளைந்துபோனதும் விரலால். பத்து விரலிலும் நகம் இல்லை. ஷட்டரின் உள்பக்கம் பூராவும் கீறல்.

செல்வதுரை வேறு கதை கட்டினார். அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, முந்திரி திருட வெண்டிலேட்டர் வழியாக இறங்கினான், மாட்டிக்கொண்டான். அன்றைய ஷீட்டில் அமலனின் வரி இருக்கிறவரை அந்தக் கதை நிற்காது. நாலு மணிக்கு விசாரணைக்கு அதிகாரி அம்மா வருகிறார், ஃபைலைக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு வரியை அழிக்க வேண்டும். மூன்று வாரமாக அவள் தள்ளிப்போட்ட வேலை.

அமலனின் மனைவி விஜிலா தினமும் கேட்டுக்கு எதிரே பூவரசு மரத்தடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இன்று காலையிலும் அவளைத் தாண்டித்தான் பிளாரன்ஸ் வந்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். எம்புருசன் களவாங்க வரல, வேலைக்குத்தான் வந்தாவன்னு ஒரு சொல்லு சொல்லுங்க. எம்புள்ளைய பள்ளிக்கூடத்துல களவாணி மவன்னு கூப்புடுதாவ."

பிளாரன்ஸ் செல்போனைப் பார்த்தபடி உள்ளே வந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வேலை பெரிதாக இருந்தது, ஜெயில் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அமலன் அவளைப் பார்த்தான்.

பார்த்தான். அதுதான் இடித்தது. அந்தப் படத்தை எடுத்தவள் அவள். நீலச் சுவர் முன்னால் நிற்கவைத்து க்ளிக் செய்த நேரத்தில் அவன் கண்ணை மூடிவிட்டான். "கண்ணு மூடிட்டனோ? இன்னொண்ணு எடுங்களேன்" என்றான். வரிசையில் இருபது பேர் நின்றார்கள், பரவாயில்லை போங்க என்று அனுப்பிவிட்டாள். நாலு வருடமாக ஷீட்டில் அமலன் கண்ணை மூடித்தான் இருந்தான்.

இப்போது கண் திறந்திருந்தது. வெள்ளைப் பகுதி முழுக்கச் சிவப்பு.

கதவு படாரென்று திறந்தது. அவள் நாற்காலியோடு துள்ளினாள். செல்வதுரை, கையில் வெள்ளை பெயின்ட் டப்பா, பிரஷ்.

"அந்த வரியத் தூக்கிட்டியா?"

"சார், இங்கன வந்து பாருங்க. பூஜ்ஜியம் போட்டும் படம் தெரியுது."

அவர் குனிந்து பார்த்தார். "எங்க தெரியுது? எல்லாம் நீலமாத்தான் கெடக்கு. மூணு வாரமா நீ ஒழுங்கா ஒறங்கல, அதான்." பிரஷை டப்பாவுக்குள் செருகினார். "நான் உள்ள போயி அந்தக் கீறலையெல்லாம் பூசிட்டு வாரேன். எவனும் பாத்துரப்படாது, ஷட்டர இறக்கிக்கிடுதேன். நீ சோலிய முடி."

அவர் யார்டைக் கடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாலாம் நம்பர் ஷட்டர் கிறீச்சென்று ஏறி, அவரை உள்ளே விட்டு, மறுபடி இறங்கியது. அது தரையில் மோதிய சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது. சர்ர்ர். டேப்பை உருளையிலிருந்து நீளமாக இழுக்கிற சத்தம். யார்டில் ஆளே இல்லை. காற்று சாக்குத் துண்டு ஒன்றைத் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு போனது.

சர்ர்ர்.

திரையில் ஒரு புதிய வரி இருந்தது.

பெயர்: செல்வதுரை. கிட்டங்கி: 4. கட்டத்தில் ஒன்று. சூப்பர்வைசர்களுக்கு இந்த ஷீட்டில் வரியே கிடையாது, அவள் போட்டதில்லை. பக்கத்தில் அவர் படம். மீசை, கழுத்தில் கம்பெனி அட்டை, பின்னால் நீலச் சுவர். அவள் என்டரைத் தட்டினாள். ஷீட் ஒருமுறை கணக்குப் போட்டு முடித்தது. படம் மாறியிருந்தது. அதே ஆள், அதே மீசை. கண்கள் கலங்கிச் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, ஏதோ கேட்டுத் திரும்பியவர் போலப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி தட்டினாள். தட்டாமல் இருக்க முடியவில்லை.

படத்தில் இப்போது இரண்டு கைகளும் அவர் கழுத்தைப் பிடித்திருந்தன. அவருடைய கைகள்தான். மீசையெல்லாம் நுரை. அவருக்குப் பின்னால் நீலச் சுவர் இல்லை, மூட்டைகள் இருந்தன. மூட்டைகளுக்கு நடுவே யாரோ நின்றார்கள். கன்டெய்னருக்குள் குளிர்ந்து கிடந்த காற்றில் எங்கிருந்தோ ஒரு எரிச்சல் வந்து அவள் இமையின் அடியில் உட்கார்ந்தது, வெங்காயம் நறுக்குகிற இடத்தில் இருக்கிற எரிச்சல், ஆனால் வெங்காயத்தின் வாசனை இல்லாமல்.

எதிரே ஷட்டர் அதிர்ந்தது.

டம். டம். டம்.

செல்போன் அடித்தது. செல்வதுரை.

"ஏளா..." தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற குரல். "ஷட்டரு தூக்க மாட்டேங்குது... இஞ்ஞாசியக் கூப்புடு... ஏளா, இவன் இங்கன நிக்கான்... இவன் இங்கனதான்..."

அதன்பின் வார்த்தை இல்லை. ஈரச் சாக்கில் இரும்பு குத்தி வெளியே வருகிற சத்தம். ஒருமுறை. மறுபடி. ஒவ்வொன்றுக்கும் நடுவே அவர் குழந்தை மாதிரி அழுதார்.

கேட்டில் இஞ்ஞாசி இருந்தார். ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும், ஓடிவருவார். பிளாரன்ஸ் எழுந்தாள். எழுந்தபோது திரை கண்ணில் பட்டது. கொக்கி செல்வதுரையின் தாடைக்குக் கீழே நுழைந்து கன்னம் வழியாக வெளியே வந்திருந்தது. கன்னம் விரியத் திறந்து பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. அந்த முகத்தோடு, உயிரோடு, அவர் நேராக அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தார்.

அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. முகம் மறைந்தால் போதும் என்று கை தானாகப் போனது.

பூஜ்ஜியம் அடித்தாள்.

படம் மறைந்தது. போனில் அழுகை வெட்டியது. ஷட்டர் நின்றது.

அமைதி.

நாலாம் நம்பர் ஷட்டரின் அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று வழிந்து வந்தது. பெயின்ட். வெயிலில் பளபளவென்று தரையில் பரவியது. பிறகு அதன் நடுவே ரோஜா நிறத்தில் ஒரு கோடு. கோடு அகன்றது. கொஞ்ச நேரத்தில் வெள்ளையே இல்லை.

இரண்டாவது தடவை, என்று நினைத்தாள். அதே விரல், அதே பட்டன். உள்ளே ஆள் இருக்கிறான் என்று தெரிந்தே. குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது கேட்டில் ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிகாரி அம்மா இறங்குகிறார். பூவரசு மரத்தடியிலிருந்து விஜிலா எழுந்து ஜீப்பை நோக்கி நடக்கிறாள்.

இன்னும் நேரம் இருந்தது. அமலனின் கட்டத்தில் ஒன்று அடித்து சேவ் செய்தால் போதும். ஃபைல் உண்மையைச் சொல்லும். வேலைக்கு வந்தான், உள்ளே இருந்தான், நான்தான் மறைத்தேன். விஜிலாவின் மகனைப் பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். பிளாரன்ஸ் கர்சரை அங்கே கொண்டுபோனாள். விரலை ஒன்றின் மேல் வைத்தாள். சிவந்த கண்ணோடு அமலன் காத்திருந்தான். ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தான்.

அவள் விரலை எடுத்தாள்.

வலது க்ளிக். டிலீட். இந்த வரி இருப்பதால்தான் இவன் வருகிறான். வரி போனால் இவனும் போவான், கேஸும் போகும். இரண்டும் ஒரே அடியில். யெஸ்.

அமலனின் வரி போய்விட்டது.

எக்ஸெல்லில் ஒரு வரியை அழித்தால் அந்த இடம் காலியாக நிற்காது. கீழே இருப்பது மேலே ஏறி வந்து அந்த இடத்தில் உட்காரும். இதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஏறி வந்து உட்கார்ந்த வரியில் பெயர் பிளாரன்ஸ். கட்டத்தில் ஒன்று.

அவள் படம். கண்ணாடி, துப்பட்டா, வாயோரத்தில் வாந்தி. பின்னால் நீலச் சுவர் இல்லை. இந்த ஆபீஸின் இரும்புச் சுவர், அதில் கம்பெனி காலண்டர். இப்போது எடுத்த படம். அவளுக்கு மூச்சு வாங்கியது. படத்துக்கும் வாங்கியது.

கதவுக்கு ஓடினாள். பிடி திரும்பியது, கதவு நகரவில்லை. சர்ர்ர் என்று வெளியே கதவின் ஓரத்தோடு டேப் மேலிருந்து கீழே இழுபட்டு வந்தது. அடியில் குறுக்காக. மறுபடி மேலே. ஜன்னல் கண்ணாடியில் பிரவுன் டேப் ஒன்று வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டுகிற கை இல்லை. அதன் கீழே இன்னொன்று. இன்னொன்று. வெயில் பட்டை பட்டையாகக் குறைந்தது. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். நாற்காலிக் கால்தான் உடைந்தது.

ஏசி நின்றது. பிறகு அதன் வாய் வழியாக உஸ்ஸென்று ஏதோ வரத் தொடங்கியது. குளிர் இல்லை. மணம் இல்லை.

கண் எரிந்தது.

"அண்ணாச்சி!" என்று கத்தினாள். "இஞ்ஞாசி அண்ணாச்சி! நான் உள்ளதான் இருக்கேன்! உள்ள இருக்கேன்!"

கடைசி டேப்புக்கு மேலே விரல் அகலத்துக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது. அதில் கண்ணை வைத்தாள். கேட்டில் டிவி எரிந்துகொண்டிருந்தது. காலையில் வந்ததுமே அதன் கேபிளைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்திருந்தாள். ஆனாலும் எரிந்தது. எல்லாப் பெட்டியும் நீலம். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் அவள் முகம். இஞ்ஞாசி அதிகாரி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெரிகிறது. அவருக்குத் தெரிகிறது. ஒன்று இருக்கிறவரை அவள் உள்ளே இருக்கிறாள். யாராவது வருவார்கள்.

மேஜைப் பக்கம் திரும்பினாள்.

கீபோர்டின் மேல் ஒரு கை இருந்தது.

மணிக்கட்டு வரை முந்திரிச் சாக்கின் தூசி. விரல் நுனியில் நகங்கள் இல்லை, நகம் இருந்த இடத்தில் காய்ந்த சதை. அது அவசரப்படவில்லை. எண் வரிசையில் ஒவ்வொரு பட்டனாகத் தடவிக்கொண்டே வந்தது. ஏழு. எட்டு. ஒன்பது.

"வேண்டாம்," என்றாள். "நான் சொல்லுதேன். எல்லாத்தையும் சொல்லிருதேன். அமலன், வேண்டாம்..."

நாற்காலி இருந்த இடத்தில் நின்றவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். சிவந்து கிடந்த கண்களை மெதுவாக மூடிக்கொண்டான், படத்தில் இருந்த மாதிரியே.

முகத்தைப் பார்க்காமல் பூஜ்ஜியத்தை அழுத்தினான்.

அவள் ஜன்னலில் போய் விழுந்தாள். விரல் அகல வெளிச்சத்தில் கேட்டு டிவி முழுவதும் நீலம். அதற்குக் கீழே இஞ்ஞாசி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். டேப்பின் கடைசித் துண்டு இறங்கியது. இருட்டில் பிளாரன்ஸ் நகங்களால் இரும்பைக் கீறத் தொடங்கினாள்.